யாஹூ ஏலமும் பாரிஸ் ஆணையும்: எல்லை தாண்டிய இணைய வணிக வழக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2000 ஏப்ரல் 5 அன்று பாரிஸிலிருந்து ஒரு கடிதம், கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் இருந்த யாஹூ தலைமையகத்துக்குப் போனது. அனுப்பியது லிக்ரா என்னும், இனவெறியையும் யூத வெறுப்பையும் எதிர்க்கும் பிரெஞ்சுச் சங்கம். யாஹூ.காம் ஏலப் பகுதியில் விற்பனைக்குக் கிடக்கும் நாஜிப் பொருட்களை எட்டு நாளுக்குள் எடுக்காவிட்டால் நீதிமன்றம் போவோம் என்றது கடிதம். எட்டு நாள் முடியக்கூட இல்லை. ஏப்ரல் 10 அன்றே வழக்குப் போட்டுவிட்டார்கள். பிரான்ஸின் யூத மாணவர் ஒன்றியம் 20-ஆம் தேதி வழக்கில் சேர்ந்துகொண்டது.

அதன்பின் 2006 மே வரை இரண்டு கண்டங்களில் நடந்த இந்த வழக்கைப் பற்றிப் பேச்சுரிமைக் கோணத்தில் நிறையவே எழுதியாகிவிட்டது. இங்கே பார்க்கப்போவது இணையத்தில் கடை விரிப்பவருக்கு வேண்டிய பக்கத்தை. ஒரு நாட்டு நீதிமன்றம் வேறொரு நாட்டுத் தளத்தின் மேல் எதைப் பிடித்துக் கைவைக்கிறது? 'தொழில்நுட்பத்தில் முடியாது' என்ற வாதம் எந்த இடத்தில் உடைகிறது? ஆணை கையில் கிடைத்த பிறகு அதை எங்கே வசூலிக்கலாம், எங்கே முடியாது?

பிணக்கு

யாஹூ ஏலம் ஒரு சந்தைத்திடல் போன்றது. விற்பவர் பொருளைப் பட்டியலிடுவார், வாங்குபவர் விலை கேட்பார், பணமும் பொருளும் அவர்களுக்குள்ளேயே கைமாறும். இடம் மட்டும் யாஹூவுடையது. அந்த இடத்தில் நாஜிக் காலத்தோடு தொடர்புள்ள பொருட்கள் சுமார் 1,000 இருந்தன. அமெரிக்காவில் அவற்றை விற்பது குற்றமில்லை. பிரான்ஸில் தண்டனைச் சட்டத்தின் ஆர். 645-1 பிரிவு, நாஜித் தலைவர்களை விசாரித்த நீதிமன்றத்தின் நியூரம்பெர்க் சாசனப்படி குற்ற அமைப்புகள் என அறிவிக்கப்பட்டவற்றின் சீருடை, சின்னம், அடையாளம் ஆகியவற்றைப் பொதுவெளியில் அணிவதையும் காட்டுவதையும் தடை செய்கிறது. வரலாற்றை நினைவூட்டும் திரைப்படம், நாடகம், கண்காட்சி ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பிரெஞ்சுப் பயனர்களுக்கான யாஹூ.எஃப்ஆர் தளத்தில் இந்தப் பொருட்கள் இல்லை. ஆனால் அந்தத் தளத்திலிருந்து யாஹூ.காமுக்கு ஒரு இணைப்பு இருந்தது. ஒரு சொடுக்கு போதும். எனவே வழக்கில் பிரதிவாதிகள் இருவர்: அமெரிக்கத் தாய் நிறுவனம், பிரெஞ்சுத் துணை நிறுவனம். இருவர் மேலும் வந்த ஆணைகள் வேறு வேறு. பிரெஞ்சு நிறுவனம் செய்ய வேண்டியிருந்தது, இணைப்பைச் சொடுக்கும் முன்பே பயனரை எச்சரிப்பது. பெருஞ்சுமை அமெரிக்க நிறுவனத்தின் தலையில்தான் விழுந்தது.

விளம்பரப் பலகை கொடுத்த சாட்சியம்

பாரிஸ் நீதிபதி ழான்-ழாக் கோமெஸ் முன்பு யாஹூ வைத்த வாதங்கள் இவை: எங்கள் சேவை அமெரிக்கர்களுக்கானது, சர்வர்கள் அமெரிக்காவில் உள்ளன, பேச்சுரிமை தரும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் எங்களைக் காக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. பிரெஞ்சுக்காரரை மட்டும் தடுக்க வழியில்லை, அதனால் உலகம் முழுவதற்கும் நிறுத்த வேண்டிவரும் என்றார்கள்.

கடைசி வாதம்தான் வழக்கின் அச்சாணி. அதை உடைத்தது எதிர்த்தரப்பின் சட்ட நுணுக்கம் கூட அல்ல. யாஹூவின் சொந்த விளம்பரத் துறை. பிரான்ஸிலிருந்து யாஹூ.காமைத் திறந்தால் பேனர் விளம்பரங்கள் பிரெஞ்சு மொழியில் வந்தன. காசு வாங்கும்போது பயனர் எங்கே இருக்கிறார் என்று தெரிகிறது, சட்டத்துக்குக் கட்டுப்படச் சொல்லும்போது மட்டும் தெரியவில்லை என்றால் எந்த நீதிபதி கேட்பார்?

சர்வர் வாதமும் நிற்கவில்லை. ஐரோப்பியப் பயனர்களுக்கு வேகம் கூட்டத் தளத்தின் நகல் ஒன்று ஸ்வீடனில் வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. இன்று சிடிஎன் (பக்கங்களின் நகலைப் பல நாடுகளில் வைத்து வேகமாகத் தரும் வலையமைப்பு) பயன்படுத்தாத பெரிய கடையே இல்லை. பக்கத்தின் நகல் பல நாடுகளின் தற்காலிகச் சேமிப்பில் கிடக்கும்போது 'எங்கள் சர்வர் இந்த நாட்டில்தான்' என்று எழுதிக்கொடுப்பது, அப்படியே பொய்யாகிவிடக்கூடிய வாக்குமூலம். கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் வழக்கறிஞர் அந்த வரியை எழுதக் கூடாது.

மூன்றாவது அடி தளத்தின் விதிமுறைப் பக்கத்திலிருந்தே விழுந்தது. மனித உறுப்பு, போதைப்பொருள், உயிருள்ள விலங்கு, சிகரெட், சிறுவர் பாலியல் தொடர்பான பொருள் ஆகியவற்றை யாஹூ ஏலத்தில் ஏற்கெனவே அனுமதிப்பதில்லை. அவற்றை வடிகட்ட முடிகிறதென்றால் இன்னொரு வகையைச் சேர்க்க எது தடை என்று நீதிமன்றம் கேட்டது. தன் தடைப் பட்டியலை ஒரு தளம் வெளியிடும்போதே வடிகட்டும் திறன் தன்னிடம் இருக்கிறது என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது.

நிபுணர் குழு: 70-ம் 90-ம்

2000 மே 22 அன்று வந்த இடைக்கால ஆணை, பிரான்ஸிலிருந்து அந்த ஏலங்களை அணுகுவதைத் தடுத்து இயலாததாக்கும் எல்லா நடவடிக்கையும் எடுக்கச் சொன்னது. யாஹூ முடியாது என்றதும், ஆகஸ்டில் நீதிபதி மூவர் குழுவை அமர்த்தினார். பிரான்ஸிலிருந்து ஃபிரான்ஸ்வா வாலோன், பிரிட்டனிலிருந்து பென் லாரி, அமெரிக்காவிலிருந்து, இணைய நெறிமுறையை வடிவமைத்தவர்களில் ஒருவரான விண்டன் செர்ஃப்.

குழுவின் விடை நுட்பமானது. பிரான்ஸில் இருக்கும் பயனர்களின் ஐபி முகவரிகளில் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) சுமார் 70 விழுக்காட்டைப் பிரான்ஸுடையவை என்று அடையாளம் காணலாம். மிச்சம் ஏன் நழுவுகிறது என்பதற்கு அவர்கள் காட்டிய உதாரணம் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம். அதன் சந்தாதாரர் பாரிஸில் உட்கார்ந்திருந்தாலும் முகவரி அமெரிக்காவின் வர்ஜீனியாவைக் காட்டும், ஏனென்றால் போக்குவரத்து அங்கிருந்த வலையமைப்பு வழியாக வெளியேறியது. அப்படிப்பட்டவர்களிடம் நாட்டைத் தாமே அறிவிக்கச் சொன்னால், இரண்டும் சேர்ந்து 90 விழுக்காட்டை நெருங்கலாம் என்று வாலோனும் லாரியும் கணித்தனர். செர்ஃப் அந்த இரண்டாம் பகுதியில் சேரவில்லை. பயனர் பொய் சொல்லலாம், நாட்டைக் கேட்பது தனியுரிமையைத் தொடுகிறது என்பவை அவர் எழுப்பிய மறுப்புகள். தீர்ப்புக்குப் பின் லாரியும், இந்தத் தடையைச் சுற்றிப்போவது சிறுபிள்ளை வேலை என்று விளக்கி, வருத்தம் தெரிவிக்கும் தொனியில் ஒரு குறிப்பு வெளியிட்டார்.

இந்த வழக்கைப் படிப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது. நீதிமன்றம் முழுமையான தடையைத் தேடவில்லை. ஐபியை மட்டும் நம்பினால் நூற்றுக்கு முப்பது பேர் நழுவுவார்கள் என்று அறிக்கையிலேயே இருந்தது. அது யாஹூவுக்குக் கைகொடுக்கவில்லை. பூட்டை உடைக்கலாம் என்பதால் பூட்டே வேண்டாம் என்று ஆகாதே. நியாயமான முயற்சி எது என்பதற்கு ஓர் எண் கிடைத்ததும் 'முடியாது' என்ற சொல் 'எவ்வளவு முடியும்' என்று மாறிப்போனது. தளத்தின் தரப்பு முதலிலேயே தன் கணக்கை (எத்தனை விழுக்காடு தடுக்க முடியும், எவ்வளவு செலவு, எவ்வளவு பேர் தவறாகத் தடைபடுவர்) முன்வைத்திருந்தால் ஆணையின் சொற்களைச் செதுக்கும் வாய்ப்பாவது இருந்திருக்கும்.

2000 நவம்பர் 20 ஆணை முந்தையதை உறுதி செய்தது. அறிவிப்பு கிடைத்த மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100,000 பிராங்க். யூரோவில் 15,245-க்குச் சற்றுக் குறைவு. ஓராண்டு அசையாமல் இருந்தால் 3.65 கோடி பிராங்க், அதாவது ஏறத்தாழ 55.6 லட்சம் யூரோ. பிரெஞ்சுத் துணை நிறுவனம் தன் பங்கைப் பெரும்பாலும் செய்துவிட்டதாக நீதிபதி ஏற்றுக்கொண்டார். தாய் நிறுவனத்தின் அபராதத்தை அதனிடம் வசூலிக்கக் கூடாது என்றும் எழுதினார். பார்க்க நிம்மதி தரும் வரி. ஆனால் அது காப்பது துணை நிறுவனத்தின் பணப்பெட்டியை மட்டுமே. தாய் நிறுவனம் பிரான்ஸில் வைத்திருக்கும் பங்குகளும், அங்கிருந்து அதற்கு வரவேண்டிய தொகைகளும் தாய் நிறுவனத்தின் சொத்துதானே.

கலிஃபோர்னியாவில் ஐந்தரை ஆண்டு

யாஹூ பிரான்ஸில் மேல்முறையீட்டைத் தொடரவில்லை. அதற்குப் பதிலாக 2000 டிசம்பர் 21 அன்று சான் ஹோசேயில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில், இந்த ஆணை அமெரிக்காவில் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டது. கிட்டத்தட்ட அதே வேளையில் இன்னொன்றும் செய்தது. வெறுப்பைத் தூண்டும் குழுக்களோடு தொடர்புள்ள பொருட்களை ஏலத்தில் ஏற்பதில்லை என்ற புதிய கொள்கையை 2001 ஜனவரித் தொடக்கத்தில் அறிவித்தது. பட்டியலிடக் கட்டணம் வாங்கவும் அப்போதுதான் ஆரம்பித்தார்கள். இது பாரிஸுக்குப் பணிந்ததல்ல, தாங்களே எடுத்த முடிவு என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் இரண்டும் அடுத்தடுத்து நடந்ததற்கு வழக்கில் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது.

மாவட்ட நீதிபதி ஜெரமி ஃபோகல் 2001 நவம்பர் 7 அன்று யாஹூ பக்கம் தீர்ப்பளித்தார். தன் எல்லைக்குள் எது கூடாது என்று தீர்மானிக்கும் பிரான்ஸின் உரிமையை அவர் மறுக்கவில்லை. அமெரிக்க மண்ணில் நடக்கும் பேச்சைக் கட்டுப்படுத்த அமெரிக்க நீதிமன்றம் அந்த ஆணைக்குக் கைகொடுக்க முடியாது என்பதே அவர் முடிவு. ஆணையின் சொற்கள் தெளிவற்று விரிந்திருப்பதையும் சுட்டினார். நாஜிக் கொள்கைக்கு வக்காலத்து வாங்குவதாகக் கருதத்தக்க வேறெந்தத் தளத்துக்கும் அது பாய்ந்தது.

வெற்றி நிலைக்கவில்லை. 2004 ஆகஸ்டில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, பிரெஞ்சுச் சங்கங்கள் மீது கலிஃபோர்னியாவுக்கு அதிகார வரம்பே இல்லை என்றது. பதினொருவர் அமர்வு 2006 ஜனவரி 12 அன்று சொன்னதை எண்ணிப் படிக்க வேண்டும். சங்கங்களுக்குக் கலிஃபோர்னியாவோடு இருந்த தொடர்புகள் மூன்று: நிறுத்தச் சொன்ன கடிதம், அமெரிக்க மார்ஷல் அலுவலகம் வழியாகச் சேர்ப்பித்த நீதிமன்ற ஆவணங்கள், தாங்கள் கேட்டு வாங்கிய ஆணைகள். அதிகார வரம்புக்கு இது போதும் என்றனர் எட்டு பேர். அந்த எட்டில் மூவர், அதிகாரம் உண்டு, ஆனால் விவகாரம் தீர்ப்புக்கு இன்னும் பழுக்கவில்லை, அதாவது தீர்க்க வேண்டிய தீங்கு இன்னும் தெளிவாகவில்லை என்றனர். அதிகாரமே இல்லை என்ற மூவரோடு அவர்களைச் சேர்த்தால் ஆறு. பெரும்பான்மை வெவ்வேறு காரணங்களால் கூடி வழக்கைத் தள்ளியது. 2006 மே 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

ஏன் பழுக்கவில்லை? அந்த மூவருக்காக எழுதிய நீதிபதி வில்லியம் ஃப்ளெச்சரின் காரணங்களில் இரண்டு வணிகருக்கு முக்கியம். முதலாவது, யாஹூ ஏற்கெனவே கொள்கையை மாற்றிவிட்டது. இப்போது இருப்பது ஆணைக்குப் போதுமா என்று பிரெஞ்சு நீதிமன்றத்திடம் கேட்கவே இல்லை. சங்கங்களும் இப்படியே நடந்தால் அபராதம் கேட்கப்போவதில்லை என்றன. பணிந்ததும் பணியாததும் போல நின்றதால், எந்தத் தீங்கைச் சொல்லி நிவாரணம் கேட்பது என்பதே மங்கிவிட்டது. இரண்டாவது, அந்தத் தினசரி அபராதம் தண்டனைத் தன்மையுள்ளது. வெளிநாட்டு அபராதங்களையும் தண்டத்தொகைகளையும் அமெரிக்க நீதிமன்றங்கள் வசூலித்துக் கொடுப்பதில்லை. கலிஃபோர்னியச் சட்டமும் அவற்றை விலக்கியே வைத்திருந்தது. எப்படியும் வசூலாகாத தொகையைக் கண்டு பயந்தேன் என்று வழக்குப் போட முடியுமா?

பாடத்தை அவசரமாகப் படித்துவிடக் கூடாது. அபராதம் எல்லை தாண்டாது, ஈட்டுத்தொகை தாண்டலாம். வெளிநாட்டு நுகர்வோருக்கோ போட்டியாளருக்கோ நட்ட ஈடு கொடுக்கச் சொல்லும் பணத் தீர்ப்பைப் பல நாடுகள் ஏற்று நிறைவேற்றும். அவதூறுத் தீர்ப்புகளுக்கு மட்டும் அமெரிக்கா 2010-இல் தனிச் சட்டம் போட்டுச் சுவர் எழுப்பியது. ஆகவே வெளிநாட்டு ஆணை வந்ததும் முதல் கேள்வி, இது தண்டமா, ஈடா, தடையாணையா என்பது. அடுத்தது, அந்த நாட்டில் நம்முடையது என்று சொல்ல என்ன இருக்கிறது என்பது: வங்கிக் கணக்கு, கிடங்கில் சரக்கு, பணம் செலுத்தும் சேவையில் தேங்கிய தொகை, டொமைன் பெயர், ஊழியர்.

ஊழியரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. யாஹூவின் முன்னாள் தலைமை நிர்வாகி திமோதி கூகல் மேல் பாரிஸில் தனியே குற்றவியல் வழக்கு நடந்தது. 2003 பிப்ரவரியில் விடுதலை. 2005 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் அதுவே. ஏலத்துக்கு இடம் கொடுத்தது நாஜிக் குற்றங்களைப் போற்றியதாகாது என்றது நீதிமன்றம். சிவில் வழக்கில் தோற்ற நிறுவனத்தின் நிர்வாகி குற்றவியலில் தப்பினார். ஆனால் ஒரு நிர்வாகி தன் பயணத்திட்டத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கிளம்ப வேண்டிய காலம் அது.

இன்று இதே ஆணை வந்தால்

பாரிஸ் கேட்டது நாட்டளவுத் தடை. அதைக் கொடுங்கோன்மை என்றவர்கள் அன்று பலர். பின்னாளில் வந்தவற்றோடு ஒப்பிட்டால் அது அடக்கமான ஆணை. 2017 ஜூன் 28 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் ஈக்வஸ்டெக் வழக்கில், ஒரு விற்பனையாளரின் தளங்களை உலகம் முழுவதும் தேடல் முடிவிலிருந்து எடுக்க கூகுளுக்குச் சொன்னது. அந்த நவம்பரில் கலிஃபோர்னிய நீதிமன்றம் அதை அமெரிக்காவில் நிறைவேற்றத் தடை கொடுத்தது. கூகுள் அதை எடுத்துக்கொண்டு 2018-இல் பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றத்துக்குப் போய் ஆணையைத் தளர்த்தக் கேட்டது, மறுத்துவிட்டார்கள். ஆணையைக் கடைப்பிடித்தால் அமெரிக்கச் சட்டத்தை மீறுவோம் என்று கூகுள் காட்டவில்லை. ஆணையை அங்கே கட்டாயப்படுத்த முடியாது என்று மட்டுமே காட்டியது. சட்டமோதல் வாதம் வைப்பவர் 'அங்கே அனுமதி' என்பதற்கும் 'அங்கே கட்டாயம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமோ 2019 செப்டம்பர் 24 அன்று, தன் பெயரைத் தேடினால் வரும் இணைப்புகளை நீக்கக் கேட்கும் கோரிக்கையில் கூகுள் உலகம் முழுவதும் நீக்கத் தேவையில்லை, ஒன்றியத்துக்குள் நீக்கி அங்கிருந்து தேடுவோரை உண்மையாகத் தடுத்தால் போதும் என்றது. கோமெஸ் கேட்டதற்கு வெகு அருகில் வந்து நிற்கிறது அது.

ஐரோப்பிய நுகர்வோர் வழக்குகளில், தளத்தை அணுக முடிவது மட்டுமே அதிகார வரம்பு தராது என்பதும் இப்போது தெளிவு. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010 டிசம்பர் 7 அன்று பாமர், ஹோட்டல் அல்பன்ஹோஃப் வழக்குகளில், தளம் ஒரு நாட்டு நுகர்வோரை நோக்கியதா என்று அறிய அடையாளங்கள் கொடுத்தது: சொந்த நாட்டில் வழங்காத மொழி அல்லது நாணயம், நாட்டுக் குறியோடு தொலைபேசி எண், வேற்று நாட்டு டொமைன், தேடுபொறி விளம்பரத்துக்கு அங்கே செலவழித்தது, பன்னாட்டு வாடிக்கையாளர்களைக் குறிப்பிடுவது. இவற்றில் பெரும்பாலானவை விற்பனைத் துறை தன்பாட்டுக்குச் செய்பவை. நாணயத் தெரிவுப் பெட்டியில் ஒரு நாட்டைச் சேர்க்கும் நாளில் சட்டத் துறைக்கும் ஒரு வரி போக வேண்டும்.

ஆணையைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை சில. அது எந்தச் சட்டப் பிரிவின் கீழ்? துல்லியமான பக்க முகவரிகள் உண்டா, அல்லது 'இதுபோன்ற எல்லாம்' என்கிறதா? எல்லை எந்த நாடு? கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது, வெளியான நாளா, சேர்ப்பித்த நாளா? ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் இருப்பது, 9-ஆம் பிரிவில் இவற்றையே ஆணையின் அடிப்படைத் தேவைகளாக வைக்கிறது: சட்ட அடிப்படை, காரணம், துல்லியமான முகவரி, பரிகார வழி, தேவைக்கு மிஞ்சாத நில எல்லை. குறை இருந்தால் கெடு ஓடும்போதே எழுத்தில் விளக்கம் கேட்பது நல்லது. யாஹூ கேட்காமல் விட்டது அதைத்தான்.

தடையை வைப்பதில் பொறியாளர்கள் சறுக்கும் இடங்கள் பழகிப்போனவை. ஐபி வரைபடத் தரவை ஒருமுறை வாங்கி வைத்துவிட்டுப் புதுப்பிக்காமல் விடுவார்கள். முகவரித் தொகுதிகள் நாடு மாறிக்கொண்டே இருக்கும். பொருள் பக்கத்தைத் தடுத்து, தேடல் முடிவிலும் மின்னஞ்சல் பரிந்துரையிலும் செயலியின் பின்னணி இணைப்பிலும் அதே பொருளைக் காட்டுவார்கள். நாட்டுக்கு நாடு வேறுபடும் பக்கத்தை நாட்டுக் குறி இல்லாமல் சிடிஎன்னில் சேமித்தால், தடைபட்ட நாட்டவர் தடையில்லாத நகலைப் பார்ப்பார், அல்லது தலைகீழாக நடக்கும். மொழியை வைத்து நாட்டை முடிவு செய்வது இன்னும் மோசம். பிரெஞ்சு பேசும் கனடியரும் பெல்ஜியரும் பிரான்ஸில் இல்லை. விபிஎன் (வேறு நாட்டு முகவரியிலிருந்து வருவதாகக் காட்டும் இணைப்பு) வழியாக வருபவரை ஐபி ஒன்றாலேயே பிடிக்க முடியாது.

பொருள் விற்கும் தளத்துக்கு ஐபியைவிட உறுதியான பிடி வேறு உண்டு: டெலிவரி முகவரி. அட்டை எண்ணின் முதல் 6 முதல் 8 இலக்கங்கள் வழங்கிய வங்கியையும் அதன் வழியே நாட்டையும் காட்டும். பார்ப்பதை ஐபியாலும், வாங்குவதை முகவரியாலும், பணத்தை அட்டையாலும் என்று மூன்று வாசல்களில் வைத்தால், முதலாவதில் நழுவுபவர் இரண்டாவதில் நிற்பார். ஆனால் வாசல்களைக் கண்டபடி மூடவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/302 ஒழுங்குமுறை, 2018 டிசம்பர் 3 முதல், குடியுரிமையையும் வசிப்பிடத்தையும் வைத்து ஒன்றியத்துக்குள் வாடிக்கையாளரைத் தடுப்பதையே தடை செய்கிறது. சட்டக் கட்டாயத்தால் தடுப்பதானால், எந்தச் சட்டத்தால் என்ற தெளிவான விளக்கத்தை, அவர் முதலில் திறந்த பக்கத்தின் மொழியிலேயே கொடுக்க வேண்டும். அப்படித் தடைபட்ட பக்கத்துக்கென்றே 451 என்ற எச்டிடிபி குறியீடு (உலாவிக்குத் தளம் அனுப்பும் பதில் எண்) 2016-இல் வரையறுக்கப்பட்டது. பக்கம் இல்லை என்னும் வெறும் 404 காட்டுவதைவிட இது நேர்மையானது, பிற்பாடு நீதிமன்றத்தில் காட்டுவதற்கும் வசதியானது. எந்த நாள், எந்த ஆணைக்காக, எந்தப் பக்கம், எந்த நாட்டுக்கு மூடப்பட்டது என்ற பதிவேட்டையும், மூடியதும் அந்த நாட்டு முகவரியிலிருந்து எடுத்த திரைப்பதிவையும் சேர்த்து வைத்தால், 'இப்போது இருப்பது போதுமா' என்று நீதிமன்றத்திடம் கேட்கப் போகும்போது கையில் காகிதம் இருக்கும்.